புதன்கிழமைக்கு ஏற்ற வீடு

சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ உத்தியோக நிமித்தமாகச் சிங்கப்பூருக்கு வந்து, நிறுவனம் அளித்த சில வாரத்து விடுதிவாசம் முடிவதற்குள் வாடகைக்கு ஒரு வீட்டைத் தேடிக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தத்தில் நிற்கும் இளந்தம்பதிகளுக்கு, முன்னரே இங்கு வந்து காலூன்றியவர்கள் சொல்லும் முதல் யோசனை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. "தேக்கா பக்கமாப் பாருங்க, எல்லாம் கைக்கெட்டின தூரத்துல கிடைக்கும்" என்பார்கள். இதைச் சொல்பவர்களில் பலர் செங்காங்கிலோ தெம்பனிஸிலோ சௌகரியமாகக் குடியிருந்துகொண்டே சொல்கிறார்கள் என்பதுதான் இதிலுள்ள விசேஷம். வாரத்துக்கு ஒரு முறை காய்கறிப் பையோடு வந்து, வாழையிலையில் உண்டு, பூவும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடும் அவர்கள், தங்கள் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டு பிறருக்கு வீடு சொல்கிறார்கள்.

வீடு எடுக்க வேண்டியது ஞாயிற்றுக்கிழமைக்காக அன்று, புதன்கிழமைக்காகவே என்பது என் அபிப்பிராயம். வாரத்தின் நடுநாளில், வெவ்வேறு திசைகளிலுள்ள அலுவலகங்களிலிருந்து இருவரும் களைத்துத் திரும்பி, இன்றைக்கு அரிசி களைவது யார் என்ற பிரச்னையோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் அந்த எட்டு மணி வேளையை எந்தப் பேட்டை சற்றே சுலபமாக்கித் தருகிறதோ, அதுவே அவர்களுக்கு உகந்த பேட்டை. கோயிலும் கடைத்தெருவும் விசேஷ நாட்களும் அதற்கு அடுத்தபடிதான்.

தமிழர் வாசஸ்தலம் என்று ஒரே பேட்டையைச் சுட்டிக்காட்டும் நிலை இந்நகரத்தில் என்றுமே முழு உண்மையாக இருந்ததில்லை. மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டகமும் கணக்குமேஜையும் வைத்துக்கொண்டு, பகலெல்லாம் லேவாதேவி நடத்தி, இரவில் அதே இடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். ஊரில் குடும்பத்தை விட்டு வந்த ஆண்களின் வாசம் அது. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் இடையே தூரம் என்ற தொல்லையே அவர்களுக்கு இல்லை. அந்தக் கிட்டங்கிகள் நின்ற வட்டாரத்தில் இன்று வங்கிகளின் கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றுக்குள் அமர்ந்து கணினியில் கணக்குப் பார்ப்பவர்களிலும் தமிழர் பலர் உண்டு, பாய் மட்டும் இப்போது வேறு பேட்டையில் விரிக்கப்படுகிறது. துறைமுகத் தொழிலாளர்கள் தஞ்சோங் பகாரிலும், 1938-இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் சிப்பந்திகள் செம்பவாங்கிலும் குடியிருந்தார்கள். இலங்கைத் தமிழரோ காத்தோங் பக்கத்துச் சிலோன் ரோட்டில் செண்பக விநாயகரைப் பிரதிஷ்டை செய்து வழிபட்டார்கள். தேக்கா அமைந்த சிராங்கூன் சாலையை வளர்த்தது கால்நடை வியாபாரம். அதன் மிச்சமாக பஃபலோ ரோடு என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. பக்கத்திலிருந்த ஃபேரர் பார்க் திடலில் 1933 வரை குதிரைப்பந்தயம் நடந்ததால் ரேஸ் கோர்ஸ் ரோடும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) தோன்றியபின் இந்தப் பழைய வரைபடம் அடியோடு மாறிவிட்டது. கம்பங்கள் எனப்படும் கிராமங்களிலும் கடைவீடுகளிலும் இருந்த ஜனங்கள் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்று குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் ஏறக்குறைய ஐந்தில் நால்வர் வசிப்பது வீவக வீடுகளிலேதான். ஓரினத்தார் ஒரே இடத்தில் திரண்டுவிடக் கூடாது என்ற நோக்கத்தோடு 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை அமலுக்கு வந்து, ஒவ்வொரு பேட்டையிலும் ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தாரும் எவ்வளவு பங்கு வீடுகளை வாங்கலாம் என்பதற்கு வரம்பு கட்டியது. ஆகவே தமிழ்க் குடும்பங்கள் தீவு முழுவதும் பரவிக் கிடக்கின்றன. ஈசூனில் புனித மரம் பாலசுப்பிரமணியர், தோ பாயோவில் வைரவிமட காளியம்மன், கேலாங் ஈஸ்டில் சிவன், ஜூரோங் ஈஸ்டில் முருகன் என்று கோயில்களும் அவ்வாறே பரவியிருக்கின்றன. கறிவேப்பிலையும் தோசைமாவும் பேட்டைப் பேரங்காடிகளுக்கே வந்துவிட்ட இந்நாளில், தேக்காவை விட்டு விலகி வசிப்பவர் பட்டினி கிடக்க வேண்டும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை.

அப்படியானால் தேக்காவை உள்ளடக்கிய லிட்டில் இந்தியாவில் குடியிருப்பது அவிவேகமா என்றால், அதுவும் இல்லை. யாருக்கு என்பதைப் பொறுத்தது. 1989 ஜூலையில் இப்பகுதி பாதுகாக்கப்படும் மரபுப் பகுதியாக அறிவிக்கப்பட்டதால், டன்லப் ஸ்திரீட், கிளைவ் ஸ்திரீட், டிக்சன் ரோடு முதலிய தெருக்களில் இரண்டு மூன்று மாடிக் கடைவீடுகள் பழைய முகத்தோடு நிற்கின்றன. அவற்றின் மேல்மாடி அறைகள் பார்வைக்கு மிக ரம்மியமானவை. மின்தூக்கி இல்லை, ஜன்னலுக்கு நேர் கீழே உணவகத்தின் புகைபோக்கி இருக்கலாம், நள்ளிரவு தாண்டியும் தெரு உறங்காது. தேக்கா சந்தையின் மேலெழும் புளோக்குகளிலும், ரோவெல் ரோட்டுப் பக்கத்திலும் வீவக வீடுகள் உண்டு. எண்ணிக்கையில் குறைவு, காலியாவதும் அரிது. கிச்சனர் ரோட்டை ஒட்டியும் ஃபேரர் பார்க் நிலையத்தருகிலும் எழுந்துள்ள தனியார் கூட்டுரிமை வீடுகளில் நீச்சல்குளமும் காவலாளியும் உண்டு. வாடகை அதற்கேற்ப உயரும்.

தைப்பூசத்தன்று சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு நோக்கிக் காவடிகள் புறப்படும்போதும், தீபாவளிக்கு முன் வாரக்கணக்கில் சாலை முழுதும் விளக்குத் தோரணம் எரியும்போதும், இங்கே வீடிருப்பது பாக்கியம் என்று தோன்றும். அந்த இரவுகளிலேயே டாக்சி வாசலுக்கு வராது என்பதும் தெரிந்துவிடும். ஞாயிறு மாலைகளில் தீவெங்கும் கட்டுமானப் பணியிடங்களிலிருந்தும் கப்பல் பட்டறைகளிலிருந்தும் தமிழகத்துத் தொழிலாளர்களும் வங்காளதேசத்துத் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் வந்து கூடுகிறார்கள். 2013 டிசம்பர் 8-ஆம் தேதி ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு விபத்தைத் தொடர்ந்து கலவரம் மூண்டபின், இவ்வட்டாரத்தில் மது விற்பனைக்கும் பொது இடத்தில் குடிப்பதற்கும் விசேஷக் கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. அந்த நெரிசலைப் பற்றி முகஞ்சுளிக்கும் நம்மவரை நான் பார்த்திருக்கிறேன். ஆறு நாள் வெயிலில் உழைத்தவன் ஏழாம் நாள் ஊர்ப்பேச்சுக் கேட்க வரும் இடத்தில், குளிர்சாதன அலுவலகத்திலிருந்து வந்து வாடகைக்கு இருப்பவர்தான் இடத்தைப் பகிர்ந்துகொள்ளப் பழக வேண்டும். அதற்கு மனமில்லாதவர் வேறு பேட்டை பார்ப்பதே இருதரப்புக்கும் நலம்.

இந்தப் பேட்டையின் உண்மையான பெருமை, பலரும் கவனிக்காத ஓரிடத்தில் இருக்கிறது: அது ரயில். 2003 ஜூனில் வடகிழக்குப் பாதையும், 2015 டிசம்பரில் டௌன்டவுன் பாதையும் லிட்டில் இந்தியா நிலையத்துக்கு வந்தன. இந்த டௌன்டவுன் பாதையின் போக்கு விசித்திரமானது. லிட்டில் இந்தியாவிலிருந்து தெற்கே இறங்கி, ரோச்சோர், பூகிஸ் வழியாக நிதிநிறுவன வட்டாரத்தைத் தொட்டு, சைனாடவுன் சென்று, அங்கிருந்து வளைந்து மீண்டும் வடக்கே ஏறி, தன் பாதையைத் தானே குறுக்காகக் கடந்து, ஜாலான் புசார் நிலையத்துக்கு வந்த பிறகே கிழக்கு நோக்கித் திரும்புகிறது. ரயில் கணக்கில் லிட்டில் இந்தியாவுக்கும் ஜாலான் புசாருக்கும் பத்து நிலையத் தூரம். கால்நடையாகச் சென்றாலோ டன்லப் ஸ்திரீட்டின் வழியே ஒரு காப்பி குடிக்கும் நேரம். ஆகவே இவ்விரண்டு நிலையங்களுக்கும் இடைப்பட்ட தெருக்களில் குடியிருக்கும் தம்பதியில், ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கத்து வங்கிக்குப் போகும் கணவர் ஒரு நிலையத்தில் ஏறி ஐந்தாவது நிறுத்தமான டௌன்டவுனில் இறங்கிக்கொள்ளலாம். சாங்கி பிசினஸ் பார்க்குக்குப் போகும் மனைவி மறு நிலையத்தில் ஏறி, வண்டி மாறாமல் எக்ஸ்போ வரை உட்கார்ந்தே போகலாம். பிரயாணம் நீண்டதுதான், ஆயினும் அலுவலகம் போகும் காலை வேளையில் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் செல்வதால் இருக்கை கிடைக்கும்.

எந்தப் பேட்டையையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும் என்பேன். நகரத்தின் வரைபடத்தில் இருவரின் அலுவலகங்களையும் இரண்டு புள்ளிகளாகக் குறித்து, அவற்றை இணைக்கும் ரயில் பாதையில் வண்டி மாறாமலோ ஒரே முறை மாறியோ இருவரும் எட்டக்கூடிய நிலையங்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அதே தம்பதிக்குக் கிழக்கு மேற்குப் பாதையில் பாய லேபார், யூனோஸ், கெம்பாங்கான் ஆகியவை நடுவிடம்; அங்கிருந்து கணவருக்கு நேர்வண்டி, மனைவிக்குத் தானா மேராவில் ஒரே ஒரு மாற்றம், பிரயாண நேரமும் இருவருக்கும் ஏறக்குறைய நியாயமாகப் பங்கிடப்படும். சாங்கி பிசினஸ் பார்க்கில் இருவருமே பணிபுரிந்தால் சீமெய், தெம்பனிஸ், பிடோக் பக்கம் போவதில் யோசிக்கவே வேண்டாம். அங்கு ஏற்கெனவே நம்மவர் திரளாக இருப்பதன் காரணமும் அதுவே. ஒருவர் ஒன்-நார்த் ஆய்வு வளாகத்திலும் மற்றவர் நகர மையத்திலும் இருந்தால் குவீன்ஸ்டவுன், காமன்வெல்த், புவன விஸ்தா. வாடகை குறைந்து வீடு விசாலமாக வேண்டுமென்பவர்கள் வடகிழக்குப் பாதையின் கோடியிலுள்ள செங்காங்கையும் பொங்கோலையும் நாடலாம். தேக்காவுக்கு வண்டி மாறாமல் அரைமணிக்குள் வந்துவிடலாம் என்பது அங்குள்ளவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் பொங்கோலில் இலகு ரயிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தையும், அதிலிருந்து இறங்கி நடக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்காமல் முகவர் சொல்லும் 'நகரத்துக்கு அரைமணி'யை நம்பிவிடக் கூடாது.

பேட்டையைத் தீர்மானித்தாலும் கதவு திறக்க வேண்டுமே! வீவக வீடு ஒன்றை முழுதாக வாடகைக்கு எடுப்பதற்குத் தனிச்சட்டம் உண்டு. 2014 முதல், மலேசியர் அல்லாத அந்நியப் பிரஜைகளுக்கு வாடகைக்கு விடப்படும் முழு வீடுகள் ஒரு பேட்டையில் 8 சதவீதத்தையும் ஒரு புளோக்கில் 11 சதவீதத்தையும் தாண்டலாகாது. வரம்பு நிறைந்துவிட்டால் வீட்டுக்காரர் எவ்வளவு விரும்பினாலும் பயனில்லை. ஈப்போவிலிருந்து வந்த தமிழரும் மதுரையிலிருந்து வந்த தமிழரும் ஒரே வீட்டின் வாசலில் நின்றால், சட்டம் முன்னவரை உள்ளே விட்டுப் பின்னவரைத் திருப்பி அனுப்பக்கூடும். ஒப்பந்தம் ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது. மலேசியர் அல்லாத அந்நியருக்கு ஒரு தடவையில் இரண்டு ஆண்டுக்கு மேற்படவும் கூடாது. தனியார் வீடுகளுக்கு இந்த விகிதாசார வரம்பு கிடையாது. குறைந்தபட்ச காலம் மூன்று மாதம். வீட்டுக்காரர் கழகத்தின் அனுமதி பெற்றுத்தான் வாடகைக்கு விடுகிறாரா என்பதைக் கழகத்தின் இணையச் சேவையிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு படுக்கையறையைப் பூட்டி வைத்துவிட்டு, தாம் அங்கே வசிப்பதாகப் பாவனை செய்து மிச்ச வீட்டை வாடகைக்கு விடும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. பூட்டிய அறையைக் கண்டால் காரணம் கேட்காமல் முன்பணம் கொடுக்கலாகாது. அறைகளைக் கணக்கிடும் முறையும் புதியவர்களைக் குழப்பும்: இங்கே கூடமும் ஓர் அறையாக எண்ணப்படுவதால், மூவறை வீடு என்றால் படுக்கையறை இரண்டு. பரப்பு சுமார் 60 முதல் 65 சதுர மீட்டர். இருவருக்கு அது தாராளம்.

சட்டம் அனுமதித்தும் மனம் அனுமதிக்காத இடங்கள் உண்டு என்பதை மறைப்பதில் லாபமில்லை. 'இந்தியர் வேண்டாம்' என்று விளம்பரத்திலேயே அச்சிட்ட காலம் வெகுதூரத்தில் இல்லை. இப்போது அது அச்சில் குறைந்து தொலைபேசியில் நடக்கிறது. பெயரைக் கேட்டதும் "வீடு போய்விட்டது" என்ற பதில் வரும். 2021 ஆகஸ்ட் 29-ஆம் தேதி தேசிய தினப் பேரணி உரையில், சிறுபான்மையினர் வாடகைக்கு வீடு தேடும்போது படும் இந்தச் சங்கடத்தை அன்றைய பிரதமர் லீ சியன் லூங் பகிரங்கமாகவே எடுத்துச் சொன்னார். மறுப்புக்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் சமையல்தான்: தாளிப்பின் வாசனை திரைச்சீலையில் ஒட்டிக்கொள்கிறதாம், எண்ணெய் சுவரில் படிகிறதாம். இதே ஊரில், பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனையைப் பற்றி எழுந்த ஒரு தகராறின் செய்தி வெளியானபோது, 2011 ஆகஸ்ட் 21-ஆம் தேதி பல இனத்தாரும் சேர்ந்து அவரவர் வீட்டில் கறிக்குழம்பு வைத்துப் பகிர்ந்துண்டு தங்கள் பரிவைத் தெரிவித்தார்கள் என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

எனவே சமையல் விஷயத்தை முதல் தொலைபேசிப் பேச்சிலேயே திறந்து சொல்லிவிடுவது விவேகம். 'லேசான சமையல்' என்று ஒப்பந்தத்தில் எழுதினால், நூடுல்ஸும் முட்டையும் அதில் அடங்கும்; சாம்பாரும் மீன்குழம்பும் அடங்குமா என்பது வீட்டுக்காரரின் மூக்கைப் பொறுத்தது. பிற்பாடு வாதிட இடமின்றி, தினசரி முழுச்சமையல் உண்டு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விஷயத்தில், ஆடம்பரமான புதிய கூட்டுரிமை வீட்டைவிடப் பழைய வீவக வீடே நமக்கு உகந்தது என்பேன். புதிய சிறு வீடுகளில் கூடத்தின் ஓரத்திலேயே திறந்தபடி இருக்கும் சமையல்மேடையில் மிளகாய் வறுத்தால், படுக்கையறைத் தலையணை வரை இருமல் வரும். வீவக சமையலறையோ தனிக் கதவும் வெளிப்புற ஜன்னலும் கொண்டது. துணி உலர்த்தும் கம்பங்களும் அதன் பின்புறமே இருக்கும். நீச்சல்குளத்துக்கு வாரத்தில் ஒரு நாள் போவோம். அடுப்படிக்கு நாளைக்கு இரண்டு வேளை போக வேண்டும்.

பார்க்கப் போவதைப் பகலில் வைத்துக்கொள்ளாமல், வேலை விட்டுத் திரும்பும் நேரத்தில் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்ப் பார்ப்பது நல்லது. மேற்குப் பார்த்த வீடானால் அந்நேரத்தில் சுவர் கணகணவென்று காய்ந்திருப்பது கைவைத்தால் தெரியும். மின்கட்டணம் எவ்வளவாகும் என்பதை அதுவே சொல்லிவிடும். கீழே காப்பிக்கடை இருந்தால் அதன் இரைச்சல் மூன்றாம் மாடிக்கு வருகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். தரைத்தளத்து வெற்றிடத்தில் ஒரு நாள் மலாய்க்காரர் கல்யாணமும், மற்றொரு நாள் சீனர் வீட்டுத் துக்கமும் நடைபெறும். அது இவ்வூர் சம்பிரதாயம், புகார் செய்வதற்குரிய விஷயமன்று.

வாடகை விஷயத்தில் நம்மவர் பேரம் பேசக் கூச்சப்படுகிறார்கள். பெருந்தொற்று முடிந்து ஜனங்கள் திரும்பிய 2022-இல் மட்டும் தனியார் வீட்டு வாடகைக் குறியீடு 29.7 சதவீதம் ஏறியது; 2023-இல் மேலும் 8.7 சதவீதம் ஏறி, 2024-இல் 1.9 சதவீதம் இறங்கியது. ஏற்றத்தை உடனே உணரும் வீட்டுக்காரர்கள் இறக்கத்தைச் சற்றுத் தாமதமாகவே கேள்விப்படுவார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஒவ்வொரு காலாண்டிலும் நகரவாரியாக, அறைவாரியாக இடைநிலை வாடகையை வெளியிடுகிறது; தனியார் வீடுகளுக்கு நகர மறுசீரமைப்பு ஆணையம் கட்டடவாரியாகவே ஒப்பந்தத் தொகைகளைப் பிரசுரிக்கிறது. அவற்றைப் பார்க்காமல் முகவர் சொன்ன தொகைக்குத் தலையாட்டுவது சோம்பலே தவிர மரியாதையன்று. முகவர்களை ஒழுங்குபடுத்துவதற்கென 2010-இல் அமைந்த மன்றத்தின் பதிவேட்டில் அவர் பெயரும் எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே முகவர் இருதரப்புக்கும் பிரதிநிதியாக இருக்கவும், வீவக வீட்டின் வாடகைப் பணத்தைத் தம் கையால் வாங்கவும் சட்டம் இடம் தருவதில்லை.

இரண்டு ஆண்டு ஒப்பந்தமானால் இரண்டு மாத வாடகை முன்வைப்பு என்பது வழக்கம். மாதம் 3,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொண்டால் 7,000 வெள்ளி முதலிலேயே போய்விடும். மொத்த வாடகையில் 0.4 சதவீத முத்திரை வரியாக 336 வெள்ளி, கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டும். குளிர்சாதனத்தை மூன்று மாதத்துக்கொரு முறை பராமரிக்கும் செலவு குடியிருப்பவருடையது. சில்லறைப் பழுதுகளில் எத்தனை வெள்ளி வரை அவர் தலையில் என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கும், அதைப் படிக்க வேண்டும். உத்தியோக அனுமதியை நம்பி வாழ்பவர்களுக்கு இவை எல்லாவற்றிலும் பிரதானமானது, இவ்வூரில் டிப்ளமாட்டிக் கிளாஸ் என்று சொல்லப்படும் விதி. வேலை போய்விட்டாலோ வேறு நாட்டுக்கு மாற்றலானாலோ, பன்னிரண்டு மாதம் முடிந்தபின் இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்துத் தண்டமின்றி வெளியேற அது வழி செய்கிறது. ஆகக் குறைந்தது பதினான்கு மாதம் இருந்தாக வேண்டும். முகவருக்குத் தாம் கொடுத்த தரகில் எஞ்சிய காலத்துக்குரிய பங்கை வீட்டுக்காரர் திருப்பிக் கேட்கும் வாசகமும் பெரும்பாலும் இதனோடு ஒட்டியே வரும். இருவர் சம்பாதிக்கும் வீட்டில் எவருடைய வேலை போனால் இவ்விதி செல்லும் என்பதை, கணவர் பெயரை மட்டும் எழுதி விட்டுவிடாமல், இருவர் பெயரையும் தனித்தனியே குறிப்பிட்டு எழுதச் சொல்ல வேண்டும். மனைவியின் உத்தியோகத்தை நம்பிக் கணவர் சார்ந்தோர் அனுமதியில் வந்திருக்கும் குடும்பங்கள் இப்போது அபூர்வமல்ல.